பனிமூட்டத்தில் ஒரு முகத்துக்கு வெளிச்சம்

உதகமண்டலத்துக் கடைகளில் விற்கப்படும் பொருள்களில் பாதி உதகமண்டலத்தில் பயன்படாதவை. வெயில் தொப்பி விற்கிறார்கள். நான் அங்கிருந்த நாள்களில் வெயிலை ஒருவரும் பார்க்கவில்லை. படம் எடுப்பதற்கான பிளாஷ் பவுடர் விற்கிறார்கள். அதன் புட்டியின் மேல் ‘ஈரம் படாத இடத்தில் வைக்கவும்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. அந்த ஊரில் ஈரம் படாத இடம் எது என்பதை அச்சிட்டவர் தெரிவிக்கவில்லை.

நான் மலை ஏறியது இளைப்பாறுவதற்காக அன்று. என் மனைவி காலமாகி வரும் மார்கழியில் ஓராண்டு நிறைகிறது. தலைத் திவசத்தன்று கூடத்தில் அவளுடைய படம் ஒன்று இருக்க வேண்டும் என்று என் பிள்ளைகள் விரும்பினார்கள். படம் இல்லை. கல்லூரியில் பௌதிகம் கற்பித்த காலம் முழுவதும் என்னிடம் காமிரா இருந்தது. சூரிய கிரகணத்தைப் பிடித்திருக்கிறேன். காவிரியின் வெள்ளத்தைப் பிடித்திருக்கிறேன். அவளை மட்டும் பிடிக்க முடியவில்லை. முக்காலியை விரிக்கும் ஓசை கேட்டதும், “எனக்கெதுக்குங்க” என்று எழுந்து உள்ளே போய்விடுவாள். ஸ்ரீரங்கத்துக் கோபுரம் ஒன்றின் ஓரத்தில் அவளுடைய முந்தானை மட்டும் விழுந்த போட்டோத் தட்டு ஒன்று உண்டு. முந்தானைக்கு மாலை போட இயலாது.

திருச்சிராப்பள்ளியில், மலைக்கோட்டைக்கு அருகே, இறந்தவர்களை எண்ணெய் வர்ணத்தில் தீட்டித் தரும் ஓவியர் ஒருவர் இருக்கிறார். படமில்லாமல் போனவர்களுக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். “ஜாடையுள்ள ரத்த உறவு யாராவது இருந்தால் ஒரு போட்டோ கொண்டு வாருங்கள். மற்றதை நீங்கள் சொல்லச் சொல்ல நான் மாற்றிக்கொள்கிறேன். ஆனால் வெளிச்சம் பக்கத்திலிருந்து விழ வேண்டும். நேரே அடித்தால் முகம் தோசைக்கல்லாகிவிடும். அதை வைத்துக்கொண்டு மூக்கை எங்கே வரைவது?” என்றார்.

ஜாடையுள்ளவள் ஒருத்திதான். என் மனைவியின் தங்கை மாராத்தாள். இருவருக்கும் ஒரே முகம். என் மாமனாரே பெயரை மாற்றி அழைத்துத் திட்டு வாங்குவார். மாராத்தாளின் கணவர் பழனியப்பன், குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட் ஃபாக்டரியில், கொழுந்தைத் தேயிலையாக்கும் டீ மேக்கர். வீட்டையும் இரண்டு பசுக்களையும் விட்டு அவள் இறங்கி வரமாட்டாள். ஸ்டுடியோவுக்கும் வரமாட்டாளாம், ஊரிலுள்ளவர்களெல்லாம் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் உட்கார அவளுக்கு மனமில்லை. ஆகவே வெளியில், அவள் வீட்டு வாசலில், பக்கவெளிச்சத்தில் எடுக்க வேண்டும். கார்த்திகை மாதத்து நீலகிரியில் வெளிச்சத்துக்கு நேர்ப்பக்கமும் இல்லை, பக்கவாட்டும் இல்லை. வெந்த சோற்றின் ஆவிபோல் அது எல்லாத் திசையிலிருந்தும் வந்து எதையும் காட்டாமல் நிற்கிறது. வெளிச்சத்தை நானே கொண்டுபோக வேண்டியிருந்தது.

முதல் நாள் பஸ் மூன்று வளைவுகளுக்கு ஒருமுறை நின்று தண்ணீர் குடித்தது. நின்ற இடங்களிலெல்லாம் எனக்கு அடுத்திருந்த உருளைக்கிழங்கு வியாபாரி கன்னடத்தில் ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்தவர் எனக்கு மொழிபெயர்த்தார்: “இந்த வண்டிக்கு என் எருமையைக் கட்டியிருந்தால் இந்நேரம் கன்று போட்டுவிட்டு ஊட்டிக்கும் வந்திருக்கும் என்கிறார்.” எல்லோரும் சிரித்தார்கள். என் மடியில் காமிராப் பெட்டி இருந்ததால் நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அது நழுவும் நிலையில் இருந்தது.

உதகையில் தங்கிய விடுதியில் இட்டிலி கொடுத்தார்கள். எங்கள் ஊரில் இட்டிலி தட்டிலிருந்து இலைக்கு வரும்போது விரல் சுடும். இங்கே அது சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் ஈரக்கல் ஆகிவிடுகிறது. பரிமாறியவரிடம் சொன்னேன். “ஏனுங்க, ஆளே வெறைச்சுப் போறாங்க, இட்டிலி வெறைக்காதுங்களா?” என்றார்.

மறுநாள் காலை, துரைமார் புழங்கும் வீதியில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். படச்சாமான்களும் அங்கேதான். கழுத்துப்பட்டை அணிந்த விற்பனையாளர் என்னை மேலும் கீழும் பார்த்து, “எந்தத் துரை அனுப்பினார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்னை எவரும் அனுப்பவில்லை என்று அதே மொழியில், சற்று நீளமான வாக்கியத்தில் சொன்னேன். அதன் பிறகு மரியாதை வந்தது, சரக்கறிவு வரவில்லை. மக்னீசிய நாடா ஒரு சுருளும், பவுடர் புட்டிகள் இரண்டும், பவுடரை இட்டுக் கொளுத்தும் தகரத் தொட்டி ஒன்றும் மேசைமேல் வைத்தார். நாடா எப்படி எரியும் என்று கேட்டேன். “பிரகாசமாக” என்றார். காற்றில்? “காற்றிலும் பிரகாசமாக.” வாசலுக்கு எடுத்துச் சென்று ஒரு விரற்கடை கொளுத்திக் காட்டச் சொன்னேன். இரு நொடி எரிந்து அணைந்தது. “இன்றைக்குக் காற்று அதிகம்” என்றார். அன்று காற்று அதிகமில்லை.

நாடா வேண்டாமென்று ஒதுக்கினேன். பவுடரை எடுத்துக்கொண்டேன். அது எத்தகைய பொருள், எவ்வளவுக்கு எவ்வளவு வெளிச்சம் தரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை நம்புவது என் வயதில் பழக்கமாகிவிட்டது.

கடைவீதியில் மஸ்தான் ராவுத்தர் என்பவரின் விளக்குக் கடையில் மூன்றாவது வகை கிடைத்தது. கைவிளக்கைப் போன்ற ஒரு பிடி, உள்ளே பாட்டரி, தலையில் தட்டு போன்ற பிரதிபலிப்பான், நடுவே கோழிமுட்டை அளவில் ஒரு கண்ணாடிப் பல்பு. பல்புக்குள் கசங்கிய வெள்ளித்தாள். விசையை அமுக்கினால் தாள் ஒரே மின்னலாக எரிந்து தீரும். புகையில்லை, ஓசையில்லை. ஒரு பல்பு ஒருமுறைதான்.

“ஒருமுறைக்குத்தானா?” என்றேன்.

“அய்யா, தீக்குச்சியும் ஒருக்காத்தானே? அதை யாரும் கோவிச்சுக்கறதில்லையே” என்றார் ராவுத்தர். சூடான டீயும் மொறுமொறுப்பான வர்க்கி ரொட்டியும் வரவழைத்தார். அந்த மலையில் நான் சாப்பிட்டவற்றுள் குறைசொல்ல இயலாதது அந்த வர்க்கி ஒன்றுதான். “பெர்ன்ஹில் பங்களாவிலே ஒரு துரைசானி ஆர்டர் குடுத்துச்சு. நாய்க்குட்டியப் படம் புடிக்க. மொதப் பல்பு எரிஞ்சதுமே நாய்க்குட்டி கட்டிலடியிலே பூந்துக்கிச்சு. பாக்கியை வாங்க துரைசானி வரலே. சரக்கு என் தலையிலே. நீங்க எடுத்துக்கிட்டா எனக்குப் புண்ணியம்.”

“நாய்க்குட்டிக்கு ஆகாதது மனிதருக்கு ஆகுமா?”

“மனுசங்க கட்டிலடியிலே பூந்துக்க மாட்டாங்களே அய்யா.”

பவுடர் தவறினால் உதவட்டும் என்று பிடியோடு நான்கு பல்புகள் வாங்கிக்கொண்டேன். குன்னூருக்குப் போன பஸ்ஸில் ஒரு பெண்மணி தம் முட்டைக்கோசு மூட்டையை என் பைமேல் இறக்கினார். பல்பு ஒன்று விரிசல் கண்டது. “உள்ளே என்னங்க, முட்டைங்களா?” என்று அனுதாபத்துடன் கேட்டார். ஏறக்குறைய, என்றேன்.

மாராத்தாள் வாசலில் நின்றிருந்தாள். ஓராண்டாக நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்ததற்குக் காரணம் அவளைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. நான் பெட்டிகளை எண்ணிச் சரிபார்க்கத் தொடங்கினேன்.

“ஏனுங்க மச்சான், படம் புடிக்க வந்தீங்களா, பாலம் கட்ட வந்தீங்களா? இத்தன சாமான்!” என்றாள். “மொதல்ல கைகால் கழுவுங்க. களி கிண்டியிருக்கறேன்.”

களி சூடாக இருந்தது. இதையும் பதிவு செய்ய வேண்டியது நியாயம்.

அடுத்த நாள் முற்பகல், வீட்டு வாசலில், சில்வர் ஓக் மரங்களின் கீழே காமிராவை நிறுத்தினேன். பனிமூட்டம் மரங்களின் இடுப்புவரை இறங்கியிருந்தது. இங்கே வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் வண்டி மூடுபனியில் முன்விளக்கைப் போட்டால் சாலை தெரிவதில்லை, பனியே தெரிகிறது. காமிராவின் பக்கத்தில் வைத்து விளக்கைக் கொளுத்தினாலும் அதுவே நேரும். படத்தில் வெள்ளைச் சுவர் விழும். விளக்கு காமிராவை விட்டு விலகி, முகத்துக்கு அருகே, பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஓவியர் கேட்டதும் அதுவே. ஆகவே விளக்கைப் பிடிக்க வேறோர் ஆள் வேண்டும். என் சகலை பழனியப்பன் முன்வந்தார். நல்ல மனிதர், சொன்னதைச் செய்வார், சொல்லாததையும் செய்வார்.

பவுடர் எரியவில்லை. தொட்டியின் சிக்கிமுக்கிச் சக்கரம் பொறி உமிழ்ந்தது. பவுடர் ஈரமாவு போல் படிந்து கிடந்தது. இரண்டாம் முறையும் அப்படியே.

“கொழுக்கட்டைக்குப் பெசஞ்சதாட்ட இருக்குது” என்றாள் மாராத்தாள். “வேக வெச்சுப் பாக்கறதுங்களா?”

அதைக் கேட்டு நான் உள்ளே போய்க் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த வேளையில், சகலை புட்டியோடு மறைந்துவிட்டார். திரும்பி வந்தபோது பவுடர் மணல்போல் பொலபொலவென்று உதிர்ந்தது. முகம் மலர்ந்திருந்தது. எங்கே உலர்த்தினீர் என்றேன்.

“எங்கயோ ஒரு எடத்துலீங்க அண்ணா. எலைக்கு எத்தன சூடு, பொடிக்கு எத்தன சூடுன்னு நமக்குத் தெரியாதுங்களா?”

கொழுந்திலையை உலர்த்தும் தட்டில், இயந்திரத்தின் வாயருகே, தேயிலையோடு தேயிலையாக அதை அவர் காயவைத்திருந்தார். ஃபாக்டரியோடு அவரும் வானத்துக்குப் போகாததற்கு எந்தப் பௌதிக விதியும் காரணமில்லை. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மேலும், டீக்குச் செய்வதுபோல, தலைக்கு ஒரு கரண்டியும் பாத்திரத்துக்கு ஒரு கரண்டியுமாகத் தொட்டியில் கூட்டிப் போட்டிருந்தார்.

“இப்போது” என்றேன்.

ஓசை குன்னூர் வரை கேட்டிருக்கும். பசு இரண்டும் கட்டை அறுத்துக்கொண்டன. சகலையின் வலப்புருவம் போய்விட்டது. வெள்ளைப் புகை ஃபாக்டரிப் பக்கமாக எழுந்ததைக் கண்ட காவற்காரர், தீப்பிடித்ததென்று தொங்கிய தண்டவாளத் துண்டை அடித்தார். மேற்காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள், கூடை நிறுக்க அழைப்பதாக எண்ணி, பாதிக் கூடைகளோடு வரிசையாக இறங்கினார்கள். “இன்னிக்கி நேரத்துலயே லீவுங்களாக்கும்?” என்று முன்னால் வந்த ஒரு பெண் மகிழ்ச்சியோடு கேட்டாள். துரை குதிரைமேல் வந்துகொண்டிருந்தார்.

துரை ஆங்கிலத்தில் பேசினார், குரலை உயர்த்தவில்லை. “பெரியவரே, யுத்தம் முடிந்துவிட்டதாக எங்களுக்குச் சொன்னார்கள்.”

உருவப்படம் ஒன்று எடுக்க முயன்றேன் என்றேன்.

“அதற்குப் பீரங்கி எதற்கு?” காற்றை முகர்ந்தார். “டீ எந்த நாற்றத்தையும் குடித்துவிடும். லண்டனில் கோப்பையை முகரும் ஆசாமி இந்தப் புகையைக் கண்டுபிடித்தால் நான் என்ன விளக்கம் எழுதுவது? இனி என் எஸ்டேட்டில் வெடி வேண்டாம்.” சகலையின் இல்லாத புருவத்தைப் பார்த்தார். குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சகலை கலங்கிப்போய் வாசற்படியில் உட்கார்ந்தார்.

பவுடர் முடிந்தது. பல்பு மூன்று இருந்தன. அன்று மாலைக்குள் அவை இரண்டாயின. பிடியில் பல்பைப் பொருத்திப் பார்த்துவிட்டு நான் குளிக்கப் போயிருந்தேன். குளியலறையின் கூரை இடுக்குகளிலெல்லாம் வெள்ளொளி பாய்ந்தது. வெளியே வந்தேன்.

“வேலை செய்யுதான்னு அமுக்கிப் பாத்தனுங்க அண்ணா” என்றார் சகலை. “நல்லா வேலை செய்யுதுங்க.”

நான் எஞ்சிய பல்புகளை எண்ணி எடுத்து வைத்தேன். மாராத்தாள்தான் பேசினாள். “ஒரு புருவத்தக் குடுத்தும் புத்தி வரலீங்களே உங்களுக்கு! மிச்சமிருக்கறதையும் குடுத்துப்போட்டு உக்காருங்க.”

நான்காம் நாள் காலை பல்பு விளக்கோடு அமர்ந்தோம். விளக்கை இவ்வளவு பக்கவாட்டில் ஏன் பிடிக்க வேண்டும் என்று மாராத்தாள் கேட்டாள். ஓவியர் சொன்னதைச் சொன்னேன். எந்த ஓவியர் என்றாள். அப்போதுதான், படம் எதற்கென்று அவளுக்கு இன்னும் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது. சகலைக்கு விரிவாகவே எழுதியிருந்தேன். அவர் எந்தக் கடிதத்தையும், ‘நலம், நலமறிய அவா’ என்பதற்குமேல் படித்ததில்லையாம்.

விளக்கிச் சொன்னேன். அவளுடைய முகத்தைப் பார்த்து அவளுடைய அக்காளை வரையப் போகிறார்கள். திவசத்தன்று அந்தப் படத்துக்கு மாலை போடுவார்கள்.

சகலை விளக்கைக் கீழே வைத்துவிட்டார். “அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. உசுரோட இருக்கறவ மொகத்துக்கு மாலை போடறதுங்களா? இவ என்ற ஊட்டுக்காரிங்க.” அவருடைய குரல் நடுங்கிற்று. வெடியின்போதுகூட அது நடுங்கவில்லை.

அவர் சொன்னதில் பகுத்தறிவுக்கு ஒத்தது ஒன்றுமில்லை. ஆனாலும் முக்காலியின் கால் ஒன்றை மடக்கினேன்.

“இருங்க மச்சான்” என்றாள் மாராத்தாள். “ரெண்டு பல்பு இருக்குதல்லீங்க? மொதல்ல எனக்கு ஒண்ணு எடுங்க. என்ற பேருக்கு, என்ற ஊட்டுல மாட்டறதுக்கு. நா உசுரோட இருக்கறவன்னு அது மொதல்ல சொல்லட்டும். அப்பறம் எங்கக்காளுக்கு எடுங்க. அவளுக்குன்னு நா எதக் குடுக்கலீங்க, மொகத்தக் குடுக்க மாட்டனா?” பிறகு கணவரைப் பார்த்து, “மாலை சுவத்துல தொங்குனா நா செத்துருவனாமா? உங்க கையில வெளக்கு இருக்கறப்பவே சாகலீங்க” என்றாள்.

சகலை விளக்கை எடுத்துக்கொண்டார்.

முதல் படம் குறையின்றி முடிந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த முகத்தைக் கூர்மைப்படுத்தினேன். தட்டுப் பெட்டியைச் செருகினேன். தட்டை மறைத்திருக்கும் மூடித் தகட்டை இழுத்தேன். லென்ஸைத் திறந்தேன். “இப்போது” என்றேன். பல்பு எரிந்தது. லென்ஸை மூடினேன். மூடித் தகட்டைத் திரும்பச் செருகினேன். மாராத்தாள் சிரித்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய சிரிப்பு, வேறெவருடையதும் அன்று.

“கொஞ்சம் இருங்க” என்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தலையைத் தண்ணீர் தொட்டு அழுந்த வாரியிருந்தாள். காதோரத்துச் சுருள் இல்லை. பெஞ்சியின் நடுவில் உட்காராமல் ஓரத்தில், எழுந்து போக ஆயத்தமானவள்போல் உட்கார்ந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். முகவாயைச் சிறிது இடப்பக்கம் சாய்த்தாள். கீழுதட்டை உள்ளே மடித்தாள்.

“எங்கக்கா இப்பிடித்தானுங்க உக்காருவா” என்றாள்.

நான் துணிக்குள் போனேன். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாக இருந்ததால் வேலை எளிதாக இருந்தது. கூர்மைப்படுத்தினேன். பெட்டியைச் செருகினேன். துணியை விலக்கி நிமிர்ந்தேன்.

அப்போது அவள் பேசினாள். குரலையும் மாற்றியிருந்தாள், விளையாட்டாகவோ, உதவியாகவோ, அறியேன். “இன்னும் எத்தன நேரமுங்க? அடுப்புல பால் இருக்குது.”

லென்ஸைத் திறந்தேன். “இப்போது” என்றேன்.

பல்பு எரிந்தது. வெளிச்சம் வலப்புறமிருந்து வந்து நெற்றியில் பட்டு, மூக்கின் ஒரு பக்கத்தை நிழலாக்கி, கன்னத்தின்மேல் நின்றது. பொறுமை இழந்து, ஆனால் எழுந்து போகாமல், என் மனைவி என்னைப் பார்த்தாள்.

லென்ஸை மூடினேன். மூடித் தகட்டைச் செருகக் கையை நீட்டினேன். தகடு பெட்டியிலேயே இருந்தது. நான் அதை இழுக்கவே இல்லை. தட்டில் ஒரு துளி வெளிச்சமும் விழவில்லை.

“விழுந்துதுங்களா அண்ணா?” என்றார் சகலை.

இல்லை என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். மாராத்தாள் முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்தாள். சுருள் மீண்டும் காதோரத்துக்கு வந்துவிட்டது. அவள் கேலி ஏதாவது செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை.

“ஊட்டிக்கு ஆளனுப்பி இன்னொரு பல்பு வாங்கறதுங்களா?” என்று கேட்டாள். “நா மறுக்காவும் உக்காருவனுங்க. எத்தன தடவ வேணும்னாலும்.”

“வேண்டாம்” என்றேன். “பார்த்தாயிற்று.”

ஓவியருக்கு நான் எதுவும் கொண்டுபோகவில்லை. மாராத்தாளின் படம் சட்டமிட்டு அவளுக்கு அனுப்பப்பட்டது. வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பதாகச் சகலை எழுதியிருக்கிறார். பிள்ளைகளிடம், மலையில் வெளிச்சம் போதவில்லை என்று தெரிவித்தேன். திவசத்துக்கு விளக்கு ஒன்றை ஏற்றி வைப்பதாக முடிவாகியிருக்கிறது.

மலைப் பிரதேசத்தில், வெளியில் வைத்து உருவப்படம் எடுக்கக் கருதும் வாசகர் எந்த விளக்கை வாங்குவது என்று கேட்டால், பல்பையே வாங்குக என்பேன். நாடா அணைந்துவிடும். பவுடர் நமுக்கும், நமுக்காவிட்டால் அதைவிட மோசம். பல்பை எப்போதும் காமிராவை விட்டு விலக்கி, பக்கத்திலிருந்து பிடிக்கச் சொல்லுங்கள். எதிரே இருப்பவரின் முகம் முழுமையாகத் தெரியும். ஆனால் அது ஒருமுறைதான் எரியும். அதற்குமுன் மூடித் தகட்டை இழுத்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.